புது கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள், சர்வீஸ் வேலை பார்க்கிறேன். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர், மன்னார்குடி என்று நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். இதில் பாதிப் பேர் சென்னை ரிட்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி, உழவன் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு, ஆன் ஆகவில்லை என்றதும் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்பவர்கள். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. எழுதி வைத்துவிட்டால் என் சாப்பாடு ஆறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக மாட்டியது ஆன் ஆகவில்லை என்றால் நான் பார்த்தவரை பெரும்பாலும் பொருள் கெட்டிருக்காது, மாட்டியதில்தான் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும். கீழே உள்ளதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

"ஆன் ஆகலை" என்று சொன்னால் ஏன் திரும்ப எங்களையே கேள்வி கேட்கிறீர்கள்?

அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு கோளாறு இருப்பதால். பட்டனை அழுத்தினால் ஃபேனும் இல்லை, லைட்டும் இல்லை, கல்லு மாதிரி கிடக்கிறது என்பது ஒன்று. ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, அல்லது நின்று நின்று திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்பது இன்னொன்று. எல்லாம் ஜோராகச் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்பது மூன்றாவது. இதைத்தான் கடைப் பாஷையில் 'நோ டிஸ்ப்ளே' என்போம். முதல் வகையில் ராமை (மெமரி) கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. மூன்றாவது வகையில் பவர் கார்டை மாற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். எந்த வகை என்று தெரிந்துகொண்டு அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

ஒரு அசைவும் இல்லை. எங்கே தொடங்குவது?

சுவரில். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஸ்பைக் பாக்ஸ் வழியாகப் போகிறது என்றால் அதைத் தூக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி, அதன் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப், கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன். சிரிக்காதீர்கள். இந்த ஸ்விட்சைப் போட்டுக் கொடுத்துவிட்டு, காசு வாங்கக் கூச்சப்பட்டு, டீ மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வந்த வீடுகள் எனக்கு உண்டு.

அடுத்தது மதர்போர்டுக்கு (போர்டு என்று சுருக்கமாகச் சொல்வோம்) போகும் பெரிய 24 பின் கனெக்டர். புது போர்டில் இது விறைப்பாக இருக்கும். போர்டு வளைகிறதே என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். போர்டின் அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, பக்கவாட்டுக் கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். நிறைய போர்டுகளில் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சைப் போட்டதுமே, பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே, ஒரு சின்ன எல்இடி எரியும். அது எரிந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் போர்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் சந்தேகம் கேபினெட் பட்டன் மேல் போகவேண்டும்.

பட்டன் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர்டின் கீழ் ஓரம், பெரும்பாலும் வலது மூலையில், இரண்டு வரிசையாக ஒன்பது குட்டிப் பின்கள் நிற்கும். பத்தாவது இடம் காலியாக இருக்கும். பவர் ஸ்விட்ச், ரீசெட், பவர் லைட், ஹார்ட் டிஸ்க் லைட் எல்லாம் இங்கேதான் சேரும். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எழுத்து பொடி, வெளிச்சம் போதாது, ஒயர் ஒரு பின் தள்ளி உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

ஒயர்களை எல்லாம் உருவிவிடுங்கள். போர்டு மேனுவலில் பவர் ஸ்விட்சுக்கு என்று போட்டிருக்கும் இரண்டு பின்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். அங்கே இருப்பது அதிகபட்சம் 5 வோல்ட், ஷாக் அடிக்காது. தொட்டதும் ஃபேன் சுற்றினால் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லாவே இருக்கின்றன, கேபினெட் பட்டனோ அதன் ஒயரோதான் திருடன். தற்காலிகமாக ரீசெட் பட்டன் ஒயரை பவர் பின்னில் செருகி ஓட்டலாம். இப்படி இரண்டு வருஷம் ரீசெட் பட்டனிலேயே ஆன் செய்துகொண்டிருக்கும் ஒரு ஸ்டூடியோக்காரர் எனக்குத் தெரியும்.

ஸ்க்ரூடிரைவரால் தொட்டும் ஒன்றும் நடக்கவில்லை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா?

அதைத் தனியாகச் சோதிக்கலாம். மெயினை அணைத்து, போர்டிலிருந்து எல்லா ஒயரையும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு, அப்புறம் மெயினைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வோல்ட் காட்ட வேண்டும். ஊதா ஒயரில் ஜெம் கிளிப் போடாமலே 5 வோல்ட் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் லோடு இல்லாவிட்டால் ஃபேன் சுற்றாது. சுற்றவில்லை என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும் மாடல் என்றால் எண்ணிப் பார்த்து ஊகத்தில் கிளிப்பைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் வைத்திருப்பவரிடம் கொண்டு போங்கள். என்ன ஆனாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும்.

ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. ஏன்?

எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை எடுத்துக்கொள்கிறது. இப்படி ஒருமுறை நின்றுவிட்டால் உடனே பட்டனை அழுத்திப் பயனில்லை. பின் ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்கள்.

போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் இந்தக் கோளாறோடு வந்தான். மூன்று நாள் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. போர்டைக் கழற்றித் தூக்கினேன். அடியில், திருகு ஓட்டையே இல்லாத இடத்தில், ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் நின்றுகொண்டிருந்தது. கேபினெட்டோடு வரும் அறுகோண வடிவப் பித்தளைக் கால்கள் தெரியும் அல்லவா, அதில் ஒன்று. பெரிய போர்டுக்கு என்று கம்பெனியில் மாட்டியிருந்ததை அவன் சின்ன போர்டு வைக்கும்போது கழற்றவில்லை. அதன் தலை போர்டின் பின்பக்க சால்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கழற்றிப் போட்டதும் ஓடியது. அந்தப் பித்தளைக் காலைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போனான்.

ஆகவே போர்டில் எத்தனை திருகு ஓட்டையோ அத்தனை ஸ்டாண்ட்ஆஃப், அதே இடத்தில், ஒன்று கூடவும் கூடாது. சந்தேகமாக இருந்தால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், இவ்வளவோடு போட்டுப் பாருங்கள். போர்டைச் சுற்றி வந்த வெள்ளிக் கவர் மேல் வைக்காதீர்கள். அதன் வெளிப்பக்கம் கரண்டைக் கடத்தும். ஊஞ்சல் பலகையும் வேண்டாம். தேக்குப் பலகை ஷார்ட் ஆகாதுதான், ஆனால் யாராவது வந்து உட்கார்ந்து ஆட்டிவிடுவார்கள்.

எட்டு பின் ஒயர் இரண்டு இருக்கிறது. எது எங்கே?

ப்ராசஸருக்குப் போவது நாலும் நாலுமாகப் பிரியும். போர்டின் மேல் மூலையில் மாட்ட வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்குப் போவது ஆறும் இரண்டுமாகப் பிரியும். வடிவம் வேறு என்பதால் ஒன்று இன்னொன்றில் இலேசில் போகாது. போகாததை முழங்கையால் அமுக்கிப் போக வைப்பவர்களும் இருக்கிறார்கள். ப்ராசஸர் ஒயரை மாட்ட மறந்தால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது, அல்லது சுற்றிச் சுற்றி நிற்கும். கேபினெட்டின் மேல் மூலையில் மறைந்திருப்பதால் இதை மறப்பவர்கள் நிறைய.

எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை. என்ன செய்ய?

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், மேலே போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் அல்ல. கார்டே இல்லையென்றால் ப்ராசஸரின் பெயரைப் படியுங்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று முடிந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5600, 5600எக்ஸ் இரண்டிலும் கிடையாது, 5600ஜியில் உண்டு. எஃப் போட்டது விலை குறைவு என்று வாங்கிவிட்டு, கார்டை அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த ஒரு மாசமும் கறுப்புத் திரைதான்.

அப்புறம் ராம். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ராம் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். போர்டில் ஏ2, பி2 என்று அச்சடித்திருக்கும். சோதிக்கும்போது ஒன்றை மட்டும் ஏ2வில் போடுங்கள். புது ஸ்லாட் இறுக்கமாக இருக்கும், இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள ஸ்லாட்டில் கொக்கி இல்லாத முனை பாதி வெளியே நின்றாலும் பார்க்கச் சரியாக இருப்பது போலவே தெரியும். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள், தங்க நிறக் கோடு தெரியக்கூடாது. நோ டிஸ்ப்ளே என்று வருவதில் இந்த ஒரு காரியத்தால் சரியாகிப் போவதுதான் அதிகம்.

புது வகையான டிடிஆர்5 ராம் என்றால் பொறுமை வேண்டும். முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ராமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5 போர்டுகளில் திரை கறுப்பாகவே சில நிமிஷம் இருக்கும், அதிக ஜிபி போட்டிருந்தால் பத்து நிமிஷம்கூட ஆகலாம். நடுவில் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆவதும் உண்டு. அந்த நேரத்தில் பதறி பட்டனை அமுக்கி அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். ஆன் செய்துவிட்டு ஒரு டிகிரி காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

இப்போதைய பல போர்டுகளின் ஓரத்தில் நான்கு குட்டி லைட் உண்டு: சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்). எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடங்கல். லைட் இல்லாத போர்டில் டீக்காசுக்குக் கிடைக்கும் சின்ன பீப் ஸ்பீக்கரை மாட்டிச் சத்தத்தை எண்ணலாம். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலில் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சிபியு லைட் எரிகிறது.

பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர், பழையதாக இருக்கலாம். பி450 போர்டுகள் 2018இல் வந்தவை, ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வந்தது. பழைய ஸ்டாக் போர்டுக்கு அந்த ப்ராசஸரை அடையாளமே தெரியாது. 12ஆம் தலைமுறை இன்டெல்லுக்காக வந்த பி660 போர்டில் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸரைப் போட்டாலும் இதே கதை. போர்டில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வழியாக அப்டேட் செய்யலாம். இல்லையென்றால் பழைய ப்ராசஸர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு அப்டேட் செய்துதான் ஆகவேண்டும்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு படுத்துவிடும். அதனால் உங்கள் ஊர்த் துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று அறிவித்த நாளிலும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பின் வளைந்துவிட்டது. போச்சா?

எந்தப் பின் என்பதைப் பொறுத்தது. ஏஎம்4 சாக்கெட்டுக்கான ரைசனில் பின்கள் ப்ராசஸரிலேயே இருக்கும், மொத்தம் 1331. வளைந்தது ஒன்றிரண்டு என்றால் லீட் பென்சிலின் லீடை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் முனையைப் பின் மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாம். நானே பலமுறை செய்திருக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இன்டெல் புது போர்டிலும் ஏஎம்5இலும் பின் சாக்கெட்டில் இருக்கும். அது தலைமுடி போல. விரலால் தொடவே கூடாது. வளைந்தால் வாரண்டி கிடைப்பதும் கஷ்டம். சாக்கெட் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டைத் திருப்பி அனுப்பும்போது கேட்பார்கள்.

இன்னொன்று: ஏஎம்4இல் கூலரை நேராகப் பிடித்து இழுத்தால் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு இருக்கும்போதே இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள்.

பகலில் ஆன் ஆகிறது, சாயங்காலம் ஆன் ஆகவில்லை. கெட்ட நேரமா?

லோ வோல்டேஜ். நம் பக்கத்துக்கே உரிய வியாதி. ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) மோட்டார்கள் ஒன்றாக ஓடும் குறுவை நேரத்தில் கிராமத்து லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் 230 வோல்ட் வரவேண்டியது 170க்கும் கீழே இறங்குவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். டியூப் லைட் கண் சிமிட்டினாலே தெரிந்துகொள்ளலாம். மேட்டூரில் ஜூன் 12இல் திறந்து தண்ணீர் ஒழுங்காக வாய்க்காலுக்கு வரும் வருஷத்தில் மோட்டார் ஓட்டம் குறையும், எனக்கு வரும் போனும் குறையும்.

உங்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் 170இலும் கிளம்பிவிடும். 200 முதல் 240 என்று இருந்தால் முரண்டு பிடிக்கும். ஸ்டெபிலைசர் வாங்குவதைவிட, முடிந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி.

யுபிஎஸ் போட்டும் கரண்ட் போகும்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்பார்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட், அதுவும் சுத்தமான சைன் அலை அல்ல. ஆக்டிவ் பிஎஃப்சி (மெயினிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒத்துவராமல் போகலாம். வீட்டு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் அதே ரகம்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது.

எர்த் இல்லை. பழைய ஓட்டு வீடுகளில் இரண்டு ஒயர் மட்டும் இழுத்து, மூணு பின் சாக்கெட்டை அழகுக்கு வைத்திருப்பார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் கிடைக்காதபோது கேபினெட்டில் பாதி வோல்டேஜை, 110 சொச்சத்தை, கொண்டுவந்து நிறுத்தும். கரண்ட் அளவு சிறியது என்பதால் சுர்ரென்பதோடு போகிறது, ஆனால் கேபினெட் திருகில் லைன் டெஸ்டர் வைத்தால் எரியும். இதனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போகாது. ஓடும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் கணத்தில் போர்ட் கருகும் ஆபத்து உண்டு. ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் இறக்குங்கள். நம் ஊர் மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, எர்த் நன்றாகவே பிடிக்கும்.

ஆன் ஆகிறது, கேம் போட்டால் பட்டென்று அணைகிறது.

முதலில் கூலரைக் கழற்றி அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். உரித்திருந்தால் அடுத்தது எஸ்எம்பிஎஸ் வாட். கேபினெட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட். கூட்டினால் 287. விண்டோஸ் திரையில் சும்மா நிற்கும்போது ஓடும், வேலை கொடுத்தால் விழுந்துவிடும்.

பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை.

அப்படியென்றால் உங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டது, சந்தோஷப்படுங்கள். எஸ்எஸ்டி (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) பயாஸில் தெரிகிறதா பாருங்கள்; தெரியவில்லை என்றால் எம்.2 ஸ்லாட்டில் (போர்டிலேயே எஸ்எஸ்டியைப் படுக்க வைத்து மாட்டும் இடம்) சரியாக உட்கார்ந்து திருகு போட்டிருக்கிறதா பாருங்கள். எம்.2வில் ஒன்றைப் போட்டால் ஒயர் போட்டு டிஸ்க் மாட்டும் சில சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும் போர்டுகளும் உண்டு.

ஒன்றும் நடக்கவில்லை. கடைக்குக் கொண்டு வரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பஸ்ஸில் வருவதாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, கேபினெட்டைப் போர்டு கீழே இருக்கும்படி படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள். பில், ப்ராசஸர் பெட்டி, போர்டு மேனுவல் வேண்டும். அப்புறம் பவர் கார்டு, ஸ்பைக் பாக்ஸ், மானிட்டர் கேபிள் மூன்றையும் கட்டாயம் எடுத்து வாருங்கள். வேதாரண்யத்திலிருந்து ஒருவர் கேபினெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். என் ஒயரைச் செருகியதும் ஒழுங்காக ஓடியது. வீட்டுக்குப் போனார், ஓடவில்லை. திரும்ப வந்தார், ஓடியது. மூன்றாவது தடவைதான் அந்தப் பவர் கார்டைக் கையோடு கொண்டு வந்தார். வளைத்துப் பார்த்தால் பிளக்கின் கழுத்தில் ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது.